ஐம்பத்தெட்டு வயதில் கடை திறந்தவர்

ஆக்ஸ்ஃபோர்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சபாபதி,

இங்கே அனைவரும் நலம். பேத்திக்கு முதல் பல் விழுந்துவிட்டது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் நான் விசாரித்ததாகச் சொல்.

ஏழு மாதங்களாக நான் எழுதாததற்குச் சோம்பல் காரணமன்று என்பது உனக்குத் தெரியும். நாடகக் குழுவிலிருந்து விலகப்போவதாக நீ தொலைபேசியில் சொன்னபோது, ‘பயந்து ஓடுகிறாய்’ என்று கத்திவிட்டுப் பேச்சை முறித்தவன் நான். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவே இப்போது எழுதுகிறேன். என் மனத்தை மாற்றியவர் உன்னுடைய ரோனி பார்க்கர், அந்த ஆங்கில நகைச்சுவை நடிகர்.

சென்ற புதன்கிழமை சிப்பிங் நார்ட்டனுக்குப் போயிருந்தேன். இங்கிருந்து ஏறக்குறைய இருபது மைல், பேருந்து உண்டு. 1987-ஆம் ஆண்டின் இறுதியில், வயது 58 ஆகியிருக்க, நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் பார்க்கர் நடிப்பை நிறுத்திவிட்டு, மனைவி ஜாயுடன் பழம்பொருள் கடை வைத்த ஊர் அது. அந்தக் கடைத்தெருவில் மேலும் கீழும் நடந்தபோது, உன்னிடம் நான் கேட்ட கேள்வியையே அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். எதற்காக ஓடினார்?

வங்கி எழுத்தராக இருந்த பையன், 1948-இல் எயில்ஸ்பரியில் மேடையேறி, வானொலியில் குரல்களை மாற்றி மாற்றிப் பேசிப் பழகி, 1966-இல் டேவிட் ஃப்ராஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து சேர்ந்த கதையை நீயே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாய். ஆனால் ஜெரால்டு வைலியின் கதையை நான் இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். 1968-இல் அந்தப் பெயரில் நகைச்சுவைத் துணுக்குகள் நிகழ்ச்சிக்கு வரத் தொடங்கின, எல்லோரும் மெச்சினார்கள், எழுதுகிறவர் யாரென்று தெரியாமல், நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்குமோ என்றுகூட ஊகித்தார்கள். கடைசியில் படப்பிடிப்பு நிலையத்துக்கு எதிரிலிருந்த சீன உணவகத்துக்கு வைலி எல்லோரையும் விருந்துக்கு அழைக்க, அவர் எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடையே பார்க்கர் எழுந்து, ‘நான்தான்’ என்றாராம். முதலில் ஒருவரும் நம்பவில்லை. நடிகன் எழுதியது என்பதற்காக யாரும் சலுகை காட்டிவிடக்கூடாது, துணுக்கு தன் காலில் நிற்க வேண்டும் என்பதற்காக அவர் எடுத்த பாடு அது. சபாபதி, தன் எழுத்தை இவ்வளவு கண்டிப்பாக நிறுத்துப் பார்த்த ஒருவருக்கு அது எடை குறையும் நாளும் மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

பார்க்கரின் ‘நான்கு மெழுகுவர்த்தி’ துணுக்கை நாம் தமிழாக்க முயன்ற அந்த மூன்று இரவுகள் நினைவிருக்கின்றனவா? ‘ஹ’ ஒலியை விழுங்குகிற வாடிக்கையாளர் ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, அதாவது மண் கிளறும் முட்கரண்டிக்குப் பிடிகள், கேட்கிறார். கடைக்காரர் காதில் ‘ஃபோர் கேண்டில்ஸ்’ விழுகிறது. நான்கு மெழுகுவர்த்திகள் மேசைக்கு வருகின்றன. காளமேகம் வந்தாலும் முட்கரண்டிப் பிடியை மெழுகுவர்த்தியாக்க முடியாது என்று நான் சொல்லியும் நீ கேட்கவில்லை. விடியற்காலை வரை அகராதியைப் புரட்டினாய். 2006-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவு வழிபாடு நடந்தபோது, வழக்கமான இரண்டு மெழுகுவர்த்திகளுக்குப் பதிலாக நான்கை ஏந்தி வந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சக நடிகர் ரோனி கார்பெட்டுடன் 1971 முதல் பதினாறு ஆண்டுகள் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியை அவர் இன்னும் பத்தாண்டுகள் இழுத்திருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஒரு காலத்தில் இதே ஆக்ஸ்ஃபோர்டில் தன்னை ஆதரித்த நாடக இயக்குநர் பீட்டர் ஹால், ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் வேடத்துக்கு அழைத்தும் அவர் போகவில்லை. புதிய எண்ணங்கள் வற்றிவிட்டன என்று அவருக்குத் தோன்றியிருந்தது. விடைபெறும் விழா எதுவும் வைக்காமல் விலகினார். கடைசியாக நடித்த தொடரைக்கூட வேறொரு புனைபெயரில்தான் எழுதியிருந்தார்.

பின்னர் 2002-இல் சர்ச்சிலின் பணியாளராக ஒரு படத்தில் நடிக்க வந்தார் என்பது உண்மைதான். உன்னைத் திரும்ப அழைக்க நான் இதைச் சொல்லவில்லை. போன வருடத்து நாடகத்தில் இரண்டாம் காட்சி சரியில்லை என்று நீ ஒருவன்தான் சொன்னாய். கைதட்டலைக் காட்டி நாங்கள் எல்லோரும் உன் வாயை அடைத்தோம். நேற்றிரவு அந்தக் காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். நீ சொன்னதே சரி. முப்பது ஆண்டுகள் உன் வசனங்களைப் பேசியவனுக்கு அது அன்றே தெரிந்திருக்க வேண்டும். உன்னை இழப்பது பிடிக்காமல் உன் நேர்மைக்குக் கோழைத்தனம் என்று பெயர் வைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். கோபாலையும் கூப்பிட்டுக்கொண்டு வழக்கம்போல் உன் வீட்டு மாடியில் உட்காருவோம். நாடகத்தைப் பற்றி நீயாக எடுத்தாலொழிய நான் வாய் திறக்கமாட்டேன். சிப்பிங் நார்ட்டனில் உனக்காகப் பழைய அஞ்சலட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்; பார்க்கரும் அவற்றைத்தான் ஆசையாகச் சேர்த்துவந்தார்.

அன்புடன்,
நடராஜன்