செய்தி மேசையில் இருக்கும் நண்பனுக்கு

ஹட்டன்

அன்பின் சேகர்,

இங்கே அனைவரும் நலம். மழைதான் விடுவதாக இல்லை, அம்மாவுக்கு மூட்டுவலி கூடியிருக்கிறது. கொழும்பில் நீயும் வீட்டாரும் சுகம்தானே?

இன்னும் அந்த நிருபர் வேலையா என்று கேட்டிருந்தாய். அதேதான்டா. போன மாதம் டவுனில் ஒரு முஸ்லிம் பெரியவரின் ஆட்டோ, தோட்டத்துப் பையன் ஒருவனைத் தட்டிவிட்டது. அரை மணித்தியாலத்துக்குள் வட்ஸ்அப்பில், "பையன் செத்துட்டான், வேணும்னே ஏத்துனான்" என்று கதை பரவிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். நானும் சிங்களப் பத்திரிகைக்கு எழுதும் நண்பரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பையன் காலில் கட்டோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவனுடைய அப்பாவையே பேசவைத்துப் பதிவுசெய்து, கதை பரவிய அதே குழுக்களில் போட்டோம். நண்பர் சிங்களத்தில் எழுதிப் போட்டார். இருட்டுவதற்குள் கூட்டம் கலைந்தது.

எனக்குக் கண்டிக்குப் பக்கத்துத் திகனதான் ஞாபகம் வந்தது. 2018 பெப்ரவரியில் தெல்தெனியப் பக்கம் வீதித் தகராறில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரிடம் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3 இறந்துபோனார். இரண்டே நாளில் திகனயில் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தன. முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் அதற்குச் சில நாள் முன்பே அம்பாறையில் கலவரம் மூட்டியிருந்தது. அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கை அரசாங்கம் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். யாருக்கு என்ன பிரயோசனம்? 77இலும் 83இலும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் அடிவாங்கி, தோட்டத்து லயன் வீடுகளை விட்டு வவுனியாவுக்கு ஓடிய சனம் நாங்கள். இன்னொருவர் கடை எரியும்போது தமிழ்ப் பத்திரிகை அதை வேறு யாருடைய பிரச்சினையாகவோ பார்க்கக்கூடாது.

மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, பிரசுரமாகும் செய்திக்குத்தான் காசு. அன்று பெரிய சண்டை நடந்திருந்தால் முன்பக்கத்தில் போட்டிருப்பார்கள். நடக்காமல் தடுத்ததற்கு பஸ் காசுகூட இல்லை. இப்படியிருந்தால் நாளைக்கு ஓர் இளம் நிருபர் ஆஸ்பத்திரிக்குப் போவானா, பஸ் ஸ்டாண்டில் நின்று வீடியோ எடுப்பானா?

செய்தி மேசையில் இருப்பவன் நீ. உண்மையைப் போய்ப் பார்த்துவர ஆகும் செலவையாவது கொடுக்கச்சொல்லி உன் ஆசிரியரிடம் பேசு. இன்னொன்று, 'முஸ்லிம் சாரதி', 'தமிழ்ச் சிறுவன்' என்று நாங்கள் எழுதி அனுப்பாததை நீங்கள் தலைப்பில் சேர்க்காதீர்கள். பத்திரிகை இங்கே வந்து சேரும்போது அந்த ஆட்டோக்காரரும் பையனின் அப்பாவும் ஒரே சந்தையில்தான் மரக்கறி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

பதில் போடு.

அன்புடன்,
மோகன்