'சிங்க்' ஆகிவிட்டால் பத்திரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கும் அச்சுக்கு வடிவமைத்துத் தரும் டிடிபி கடைகளுக்கும் உறக்கம் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலும் கர்க்கடகம் (மலையாள ஆடி) முடிந்து கல்யாண சீசன் தொடங்கிவிடும். படம் எடுப்பவர் இங்கே, ஆல்பம் வடிவமைப்பவர் திருவனந்தபுரத்தில், படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பெண்ணின் அண்ணன் வளைகுடாவில். இவர்களை ஒன்றாக உட்கார வைப்பது இன்று கிளவுடு எனும் இணையச் சேமிப்பிடம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'டிரைவில் ஏற்றியாச்சு, சிங்க் ஆகிவிட்டது' என்று சொல்லி அன்றைக்கே மெமரி கார்டை அழிக்கும் பழக்கம்தான் பயமாக இருக்கிறது.

சிங்க் என்பது இரண்டு இடத்து போல்டரை ஒன்றுபோல வைத்திருக்கும் வேலை, அவ்வளவுதான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கடையில் ஒருவர் தவறுதலாக ஒரு போல்டரை டெலிட் செய்தால், இணைத்திருக்கும் நான்கு கம்ப்யூட்டரிலும் அது போகும். வைரஸ் பைல்களைப் பூட்டினால், பூட்டிய பைல்தான் மேலே ஏறும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் 30 நாள்தான். தாலி கட்டி ஆறு மாதம் கழித்து ஆல்பத்துக்கு வந்து நிற்கும் ஊரில் 30 நாள் எந்த மூலைக்கு?

ஒன்டிரைவில் இன்னொரு கண்ணி உண்டு. போல்டரைத் திறந்தால் எல்லாப் பெயரும் தெரியும், ஆனால் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் பைல் கம்ப்யூட்டரில் இல்லை என்று பொருள். பச்சை டிக் இருந்தால்தான் கையில் இருக்கிறது. நெட் கிடைக்காத மண்டபத்தில் லேப்டாப்பைத் திறந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை. முந்தின இரவே போல்டரை ரைட் கிளிக் செய்து 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' என்று கொடுத்துவிட வேண்டும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமரா பதியும் மூலப் படமான ரா பைல் ஒன்று சுமார் 25 முதல் 30 எம்.பி. 3,000 படம் எடுத்தால் 75 முதல் 90 ஜி.பி. 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவில் பதிந்தால் மணிக்கு 45 ஜி.பி. அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் 100 ஜி.பி. ஏற 11 மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போய், பிரவுசரும் மூடிக்கொண்டால் பாதியில் நின்ற பைல் மறுபடி முதலிலிருந்துதான். பெரிய பைலை பிரவுசர் வழியாக ஏற்றாமல் அந்தந்தச் சேவையின் ஆப் வழியாக ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்வதும் நல்லது.

அசல் வீடியோவை ஏற்றவே தேவையில்லை என்பது எங்கள் கட்சி. அதே வீடியோவை 1280க்கு 720 அளவில், 5 எம்பிபிஎஸ்ஸில் பிராக்ஸியாக, அதாவது எடிட்டிங்குக்கான சிறிய நகலாக மாற்றினால் மணிக்கு 2.25 ஜி.பி.தான், அசலில் இருபதில் ஒரு பங்கு. இரண்டு மணி நேரப் பதிவு அரை மணியில் ஏறிவிடும். எடிட்டர் அதை வைத்து வெட்டித் தொகுத்து, எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு உள்ள, சில எம்.பி. அளவே வரும் புராஜெக்ட் பைலை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும், இங்கே அசலோடு இணைத்து இறுதி வீடியோவை எடுத்துக்கொள்ளலாம். பைல் பெயர், பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்), ஆடியோ சேனல் எண்ணிக்கை மூன்றும் அசலில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் இணைப்பு ஒட்டாது. ஒரே புராஜெக்ட் பைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் இரட்டைப் பிரதி உண்டாகி, எது புதியது என்று தெரியாமல் போகும். எடிட்டிங் மென்பொருள் தற்காலிக பைல்களைப் போட்டுவைக்கும் மீடியா கேஷ் போல்டரை சிங்க் போல்டருக்குள் வைக்கவே கூடாது. ஆயிரக்கணக்கான குட்டி பைல்கள் வரிசையை அடைத்துக்கொண்டு, வேண்டிய பைலை ஏறவிடாது.

படங்களில் ஏமாற்றம் வேறு வகை. கூகுள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' வைத்திருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் சுருக்கப்படும். போனில் பார்க்க ஒரு குறையும் தெரியாது. 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரே படத்தை விரித்து அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) கணக்கில் 10,800 பிக்சல் அகலம் வேண்டும். 24 மெகாபிக்சல் அசலிலேயே 6,000தான் இருக்கிறது. அதையும் சுருக்கிவிட்டு பிரஸ்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், ஒரு பைல் 2 ஜி.பி. வரை சுருங்காமல் போகும்.

கல்யாணக் கார்டுக்கு வருவோம். எல்லையில் ஒரே கார்டில் தமிழும் மலையாளமும் வருவது சகஜம். டிடிபி கடைகளில் இருக்கும் பழைய பைல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளவை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த எழுத்துரு அது. பழைய மலையாள எழுத்துருக்களும் அப்படியே. கூகுள் டாக்ஸில் சொந்த எழுத்துருவை ஏற்ற வழியில்லாததால், அங்கே திறந்தால் மணமகன் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பைல் கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றி ஏற்றினால் சரியாகும். மாற்றிய பிறகு ஔகாரத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய முறையில் ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்த்து அடித்திருப்பார்கள் என்பதால் கௌசல்யா 'கெளசல்யா' ஆகியிருப்பாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால்தான் அகப்படாது. போட்டோஷாப்பில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுக்கவில்லை என்றால் 'கொ' எழுதும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மலையாளத்தில் கூட்டெழுத்து பிரிந்து சந்திரக்கலையோடு (நம் புள்ளி போன்ற குறி) தனித்தனியாக விழும். தமிழுக்கு நோட்டோ, மலையாளத்துக்கு சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் வெளியிட்ட மஞ்சரி போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைப் பயன்படுத்தினால் இரு கடைகளிலும் ஒரே எழுத்து கிடைக்கும். பிரஸ்ஸுக்குப் போகும்போது எழுத்தை கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. பிளீட் வைத்து பிடிஎஃப் கொடுங்கள். திரையின் ஆர்ஜிபி நிறத்தில் பளிச்சிடும் கிளிப்பச்சை, நான்கு மையில் அடிக்கும் சிஎம்ஒய்கே அச்சில் மங்கும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தண்ணீர் புகுந்த கடையின் ஹார்ட் டிஸ்க்கைவிட வெளியூரில் இருக்கும் ஒரு பிரதி மேல் என்பதில் இரண்டாவது பேச்சில்லை. அந்த வெளியூரிலும் தீப்பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் கிளவுடு கம்ப்யூட்டர்கள் இருந்த டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறு பிரதி வைத்திராதவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆல்பம் கைக்குப் போகும்வரை இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுடு என மூன்று பிரதி வேண்டும். ஹார்ட் டிஸ்க் இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கூகுள் டிரைவில் பகிர்ந்த போல்டருக்குள் ஊழியர் தன் சொந்தக் கணக்கிலிருந்து ஏற்றிய பைல் அவருடையது, அவர் கணக்கை மூடினால் பைலும் போகும். இலவச 15 ஜி.பி.யில் ஜிமெயிலும் அடக்கம் என்பதால் இடம் நிறைந்தால் ஆர்டர் மெயில்கூட வந்து சேராது. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்று கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு கூகுள் தரும் 8 இலக்கக் குறியீடுகள் பத்தையும் தாளில் அச்சடித்து பீரோவில் வையுங்கள். கல்யாணப் படங்களின் லிங்க்கை 'யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று திறந்துவிடுவது அந்த வீட்டுப் பெண்களுக்குச் செய்யும் கெடுதல்.

அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. 2023இல் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தப்பட்டது. அது டவுன்லோடுக்கான வரையறை. எங்கள் வேலையெல்லாம் அப்லோடில். இணைப்பு விற்பவர்கள் விளம்பரத்திலும் பில்லிலும் இரண்டு வேகத்தையும் தனித்தனியே அச்சிட வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட வேண்டும். கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு பைபர் இணையத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்க டான்ஃபிநெட் என்ற பைபர் திட்டம் இருக்கிறது. அந்தப் பைபர் ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல், அதே தெருவில் உள்ள ஸ்டுடியோவுக்கும் அச்சகத்துக்கும் வருமானால் ஹார்ட் டிஸ்க்கோடு திருவனந்தபுரம் பஸ் ஏறும் வேலை பாதி குறையும்.

இப்படிக்கு,
படத்தொகுப்பு, அச்சு வடிவமைப்புத் தொழில் செய்வோர் சிலர்,
மார்த்தாண்டம் – களியக்காவிளை