காக்கிங் ஹேண்டில் அலங்காரப் பொருள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நம் படையின் புதிய ரைபிள்களைப் பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். அதில் ஒரு வரி மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரவுண்டை ஏற்றப் பின்னால் இழுத்து விடும் கைப்பிடிதான் காக்கிங் ஹேண்டில். ரைபிளின் பக்கவாட்டில் அதை வைப்பது பழைய காலத்து வழக்கமாம், பின்பக்கம் வைப்பதுதான் மேலாம், பக்கவாட்டில் இருப்பது இன்றைக்கு அலங்காரத்துக்கு மேல் ஒன்றுமில்லையாம். கட்டுரையாளர் இதை யாரிடம் கேட்டு எழுதினார்? பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. ஆவடி, பட்டாபிராம் பக்கம் வந்தால் தெருவுக்குத் தெரு முன்னாள் படைவீரர்கள் இருக்கிறோம். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸின் பிற்பகுதியில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தேன். எங்கள் கையில் முதலில் கொடுக்கப்பட்டது இஷாப்பூரில் தயாரான எஸ்.எல்.ஆர் என்ற செல்ஃப் லோடிங் ரைபிள். 7.62 மி.மீ., மேகசினில் 20 ரவுண்டு, ட்ரிகரை ஒரு முறை அழுத்தினால் ஒரு ரவுண்டுதான் போகும். தோளில் வைக்கும் பட்டின் அடித்தகட்டைத் திறந்தால் பழைய .303 ரைபிளில் இருப்பது போலவே எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கும் கயிறான புல்த்ரூவும் உள்ளே இருக்கும். அந்த ரைபிளின் காக்கிங் ஹேண்டில் இடது பக்கம் இருந்தது. அதை அங்கே வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள். நம்மில் பெரும்பாலோர் வலக்கையால் சுடுகிறவர்கள். அந்த வலக்கை பிஸ்டல் கிரிப்பை விட்டு அசையவே கூடாது. இடக்கை ஹேண்டிலைப் பின்னால் இழுத்து விட்டுவிட்டு மறுபடி முன்னால் போய்த் தாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் முக்கியம். சுடும்போது அந்த ஹேண்டில் ஆடாது, முன்னாலேயே நிற்கும். உள்ளே ரவுண்டைத் தள்ளி ஏற்றி மூடும் போல்ட் மட்டும்தான் போய்வரும்.

நீலகிரி வெலிங்டனில் மழைக்காலத்துச் சுடும் ரேஞ்சைக் கட்டுரையாளர் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். சேற்றில் குப்புறப் படுத்திருக்கும் பையனுக்கு ஸ்டாப்பேஜ் வரும், அதாவது ரைபிள் சிக்கி நின்றுவிடும். பட் தோளை விட்டு எழாது, கண் டார்கெட்டை விட்டு நகராது. இடக்கை ஒரு இழுப்பு இழுக்கும், மாட்டிக்கொண்ட வெற்று கேஸ் வலப்பக்கம் தெறித்து விழும், அவன் அடுத்த ரவுண்டைச் சுட்டுவிடுவான். குளிரில் விரல் மரத்துப்போன பையன்களும் உள்ளங்கையால் இழுத்துச் சமாளித்தார்கள். இதைத்தான் அலங்காரம் என்கிறார்.

கட்டுரை கொண்டாடும் பின்பக்க ஹேண்டிலையும் நான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கப் படையோடு நடந்த ஒரு கூட்டுப் பயிற்சியில் அவர்களுடைய எம்4 ரைபிளைக் கையில் கொடுத்தார்கள். அது சேர்ந்த ஏஆர்-15 குடும்பத்தில் வழக்கமாக, போல்ட் ஓடும் கூடான ரிசீவரின் பின்முனையில் டி வடிவத்தில் ஒரு பிடி இருக்கும். நின்றுகொண்டு இழுத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கன்னத்தைப் பட்டிலிருந்து எடுத்தாக வேண்டும், முழங்கையைத் தூக்கியாக வேண்டும். மேலே தொலைநோக்கி பொருத்தியிருந்தால் அதற்கு அடியில் விரல்களை நுழைத்துத் தேட வேண்டும். கன்னம் எடுபட்டால் குறியும் போயிற்று.

அதற்காகப் பின்பக்க ஹேண்டில் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பக்கவாட்டு ஹேண்டில் ஓட வேண்டுமானால் ரிசீவரில் நீளமாக ஒரு காடி வெட்ட வேண்டும், அந்த வழியாக மண்ணும் தூசியும் உள்ளே போக இடமுண்டு. பின்பக்கத்தில் வைத்தால் அந்தக் கவலை குறைவு, எந்தக் கையாலும் இழுக்கலாம், செடிகொடியிலோ ரைபிளைத் தோளில் மாட்டும் பட்டையிலோ மாட்டிக்கொள்ளாது. ஆனால் அதே ஹேண்டிலால் போல்ட்டை முன்னால் தள்ள முடியாது. வியட்நாம் காலத்தில் அமெரிக்கத் தரைப்படை அதே குடும்பத்து எம்16-க்கு வலப்பக்கம் தனியாக ஒரு தள்ளு பொத்தான் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியது அதனால்தான்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது இதுதான்: பக்கவாட்டு ஹேண்டில் எல்லாம் ஒரே வகை கிடையாது. ஏகே குடும்பத்தில் அது வலப்பக்கம் இருக்கிறது, போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியரோடு சேர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் பின்னால் போய் முன்னால் வரும். வலக்கைக்காரன் பிடியை விட்டுத்தான் அதை இழுக்க வேண்டும், இல்லையென்றால் இடக்கையை மேகசினுக்கு அடியில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். சுவரோரம் ஒட்டி நின்று சுடும்போது ஹேண்டில் எதிலாவது இடித்தால் அங்கேயே ஸ்டாப்பேஜ். அதிலும் ஒரு நன்மை உண்டு, போல்ட் முழுதாக மூடவில்லை என்றால் கையாலேயே தள்ளி மூடிவிடலாம். இஸ்ரேல்காரர்கள் ஏகே அமைப்பை வைத்து கலீல் என்ற ரைபிளைச் செய்தபோது அந்த ஹேண்டிலை மேல்நோக்கி வளைத்துவிட்டார்கள், இடக்கைக்கும் எட்டட்டும் என்று. பயனில்லாத பொருளுக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

அதனால், பக்கவாட்டு ஹேண்டில் தேவையா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பக்கம் இருக்கிறது, சுடும்போது ஆடுகிறதா இல்லையா என்று கேட்க வேண்டும். இடப்பக்கம் இருந்து ஆடாமல் நின்றால் அதற்கு மிஞ்சி எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஏஆர் வகை ரைபிளில் மேல் ரிசீவரையும் போல்ட் கேரியரையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கவாட்டு ஹேண்டில் மாட்டுகிறவர்களும் வெளிநாட்டில் உண்டு. அதில் ஏதாவது உடைந்தால் பொதுவாகக் கிடைக்கும் உதிரி பாகம் பொருந்தாது. அந்தச் செலவு வீண் என்று எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

நம் பையன்கள் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். எஸ்.எல்.ஆரில் இடக்கை. அப்புறம் வந்த நம் நாட்டு இன்சாஸ் ரைபிளிலும் இடக்கைதான், ஹேண்டில் சற்று முன்னால் தள்ளியிருக்கும். 2019-இல் 72,400 சிக்716 ரைபிள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், அதில் பின்பக்க டி பிடி. அமேதி பக்கத்தில் கோர்வாவில் தயாராகும் ஏகே-203-இல் வலப்பக்கம். ஒரே படைக்குள் மூன்று இடத்தில் கை போக வேண்டும். நெருக்கடியில் மூளை யோசிக்காது, பழகிய இடத்துக்குத்தான் கை போகும். ரைபிள் மாறும்போது பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் விசாரித்திருந்தால் நாட்டுக்கே உபயோகமாக இருந்திருக்கும்.

சரி, எழுத உட்கார்ந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரையோடு நீங்கள் போட்ட எஸ்.எல்.ஆர் படத்தில் காக்கிங் ஹேண்டில் வலப்பக்கம் இருக்கிறது. படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறீர்கள். ஒரு குடியரசு தினத்தன்று காமராஜர் சாலை அணிவகுப்புப் படத்தையும் இப்படித்தான் போட்டீர்கள். மார்பின் இடப்பக்கம் இருக்க வேண்டிய பதக்கங்கள் வலப்பக்கம் தொங்கின. அந்தப் பதக்கத்துக்காக ஒருவன் என்ன பாடு பட்டிருப்பான் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், வெளியாகவில்லை. எங்கே துப்பாக்கி பிடிபட்டாலும் ஏகே-47 என்று போட்டுவிடுகிறீர்கள். கீழே உள்ள படத்தில் பார்த்தால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் இருக்கும்.

டிசம்பர் 7 கொடிநாள் பற்றி நான் எழுதிய கடிதத்தை வெளியிட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் போரில் கணவனை இழந்தவர்கள் உதவித்தொகைக்காக அலைவதைப் பற்றி எழுதிய பகுதியை மொத்தமாக வெட்டிவிட்டு, வாழ்த்துச் சொன்ன மூன்று வரியை மட்டும் போட்டிருந்தீர்கள். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளக்கூட மனம் வரவில்லை. ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் மட்டும் படைவீரனைத் தேடி நிருபர் அனுப்புகிறீர்கள். அந்த ஆயுதத்தோடு இளமையைக் கழித்தவன் ஒன்று சொன்னால் அதற்கு இடம் இல்லை. பல ஆண்டுகளாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் உரிமையில்தான் வருத்தப்படுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரும் ஞாயிறு இணைப்பில் அந்த வரிக்கும் படத்துக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். ஆயுதம் இருக்கும் படங்களை இடவலம் மாற்றாதீர்கள் என்று பக்கம் வடிவமைப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். கடிதத்தில் இடம் போதாமல் வெட்ட வேண்டியிருந்தால் கொடிநாள் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
பட்டாபிராம், சென்னை