சொல்லாமல் நின்றுவிடும் வேலைகள்: நட்டால் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துத் தமிழ்ச் சங்கங்களையும் கோயில்களையும் நடத்திவரும் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்து, ஒழுங்கு விசாரணைகளில் தொழிலாளர் பக்கம் அமர்ந்து பேசியவன் என்ற முறையில், நம் பிள்ளைகளிடையே வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மேலாளரோடு மனத்தாங்கல், போதாத சம்பளம், வேறிடத்திலிருந்து வந்த அழைப்பு என்று காரணம் எதுவாக இருந்தாலும், விலகல் கடிதம் கொடுக்காமல் ஒருநாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள்; நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தால் எடுப்பதில்லை. அத்தோடு அந்த வேலை தொலைந்தது என்று வீட்டாரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் அது அப்படி முடிந்துபோவதில்லை. தனியார் நிறுவனத்தில் ஒருவர் வராமல் நின்றுவிட்டால் அவருடைய ஒப்பந்தம் தானாக அற்றுப்போகாது. முதலாளி அவரைத் தேடி அழைக்க வேண்டும், விசாரணைக்கு நாள் குறித்துத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் அவர் வராவிட்டால், அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தி, பணியைக் கைவிட்ட குற்றத்துக்காகப் பதவி நீக்கம் என்று எழுதிவிடலாம். ஆக, தாமாக விலகியதாக நினைத்துக்கொண்டு வீட்டிலிருக்கும் பிள்ளை, ஏட்டில் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். வேலை செய்வோரையும் தேடுவோரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேலையின்றி இருக்கும் இந்த நாட்டில், அடுத்த நிறுவனம் பழைய நிறுவனத்தை அழைத்து விசாரிக்கும்போது அந்த ஒரு வரியே போதும், விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்க. விண்ணப்பத்தில் அதை மறைத்து வேலையில் சேர்ந்துவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. ஆண்டுகள் கழித்து உண்மை வெளிப்பட்டால், பொய் சொன்னதே புதிய குற்றமாகிவிடும்.

அரசுப் பணியில் இருப்போரின் நிலை இன்னும் கடுமையானது. 1994-ஆம் ஆண்டின் பொதுப்பணிச் சட்டப்படி, அனுமதியின்றி ஒரு நாட்காட்டி மாதத்துக்கு மேல் வராதவர் நீக்கப்பட்டவராகவே கருதப்படுவார். ஆசிரியர்களுக்கோ 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ச்சியாக 14 நாட்களுக்கு மேல் பொறுப்பதில்லை. இங்கே சட்டமே நீக்கிவிடுவதால், நியாயமற்ற பதவி நீக்கம் என்று வழக்கமான வழியில் முறையிட இடமில்லை. தக்க காரணம் காட்டித் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி துறையைத்தான் வேண்ட முடியும். நம் குடும்பங்களில் ஆசிரியர்களும் தாதியரும் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இத்தனையையும் தவிர்க்கத் தேவைப்படுவது மூன்று வரிக் கடிதம். 1997-ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டப்படி, ஆறு மாதம் வரை வேலை செய்தவர் ஒரு வாரமும், ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டு வரை செய்தவர் இரண்டு வாரமும், அதற்கும் மேற்பட்டவர் நான்கு வாரமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். வீட்டுவேலை செய்வோருக்கும் பண்ணைத் தொழிலாளருக்கும் ஆறு மாதம் கடந்ததுமே நான்கு வாரம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும். நேரில் போய் நிற்கக் கூசும் பிள்ளைக்கு ஒரு செய்தியையும் சொல்லுங்கள்: குறுஞ்செய்தியில் அனுப்பிய பணிவிலகலும் எழுத்து மூலமானதே என்று தொழிலாளர் நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கொடுமை தாங்காமல் வெளியேறுகிறவர்களே சொல்லாமல் போவதால் மிகுதியாக இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். வேலையில் நீடிப்பதே இயலாதபடி முதலாளி நடந்துகொண்டதால் விலகினேன் என்று ஒருவர் நிறுவினால், 1995-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் அதைப் பதவி நீக்கமாகவே ஏற்கிறது. 30 நாட்களுக்குள், தொழில் தகராறுகளைச் சமரசம் செய்து தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.-விடம் முறையிடலாம். தாமாக விலகியவருக்குக் கிடைக்காத வேலையின்மைக் காப்பீட்டுத் தொகையும் அப்போது கிடைக்கும். ஆனால் அவமதிப்பைப் பற்றி ஒரு புகாரும் எழுதாமல், காரணம் சொல்லும் கடிதமும் இல்லாமல் மறைந்துபோனவர், பிறகு எதைக் காட்டி அதை நிறுவுவார்? வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளி நிரப்பும் படிவத்தில், பணியைக் கைவிட்டுச் சென்றார் என்பதற்கென்றே தனிக் குறியீடு உண்டு. அந்தக் குறியீடு விழுந்த பிறகு நடந்ததை எடுத்துச்சொல்வது பெரும்பாடு.

நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத்துக்கு உட்பட்டிருந்தவர் சொல்லாமல் விலகினால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1894-இல் டர்பனில் முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழர் ஓடி ஒளியவில்லை. காயத்துக்கு மருத்துவரின் சான்று பெற்று, நீதிபதியிடம் சென்று, ஒப்பந்தத்தையே வேறொரு முதலாளிக்கு முறைப்படி மாற்றிக்கொண்டுதான் அந்த இடத்தை விட்டார். சிறை இன்று இல்லை. வேலையை விடும் உரிமையை இன்று எவரும் மறுக்க முடியாது. அந்த உரிமையை எழுத்தில் பயன்படுத்தத் தெரியாமல் நம் பிள்ளைகள் பெயரைக் கெடுத்துக்கொள்வதுதான் என்னை வருத்துகிறது.

ஏற்கனவே சொல்லாமல் நின்றுவிட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. உழைத்த நாட்களின் ஊதியமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் அவர்களுக்கு உரியவை. எழுத்து மூலமான சம்மதமோ சட்டத்தின் அனுமதியோ இல்லாமல் முதலாளி அதில் கைவைக்க முடியாது. பணிச் சான்றிதழும் அவ்வாறே: எப்படி விலகியவரானாலும் அதைப் பெற உரிமை உண்டு, அதில் விலகிய காரணத்தை, தொழிலாளர் கேட்டாலன்றி, எழுத வேண்டியதில்லை. வெட்கத்தால் அதைக் கேட்டுப் பெறாமல், செய்த வேலையின் அனுபவத்தையே இழந்து நிற்போர் பலர்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தமிழ் வகுப்பும் தேவாரப் பயிற்சியும் நடக்கும் அதே மண்டபத்தில், மாதத்தில் ஒரு மாலை, கடிதம் எழுதித் தரவும் படிவம் நிரப்பித் தரவும் ஒருவரை அமர்த்துங்கள். ஓய்வுபெற்ற எழுத்தர்களும் தொழிற்சங்கத்தாரும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அர்ச்சகர்களையும் சமையல்காரர்களையும் வரவழைக்கும் கோயில்களுக்கு இன்னும் ஒரு சொல். அவர்களுக்கு நீங்களே முதலாளி. முன்னறிவிப்புக் காலத்தைத் தெளிவாகக் குறித்த பணி ஆணையை அவர்கள் படிக்கக்கூடிய தமிழில் கொடுங்கள். கடவுச்சீட்டை அவர்களிடமே விட்டுவையுங்கள். அவர்களுடைய பணி விசா பெரும்பாலும் அந்தந்தக் கோயிலின் பெயரோடு பிணைந்திருப்பதால், சொல்லாமல் போய்விட்டால் வேலையோடு இந்நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் கண்டுவிடும் என்பதை வந்த முதல் வாரத்திலேயே எடுத்துச்சொல்லுங்கள். அப்படியும் ஒருவர் போய்விட்டால், வாட்ஸ்அப் குழுக்களில் அவர் படத்தைப் போட்டு மற்றக் கோயில்களை எச்சரிக்கும் முன், அவரை அழைத்து என்ன நேர்ந்தது என்று ஒருமுறை கேளுங்கள். அவர் விலகல் கடிதம் தர முன்வந்தால் பெற்றுக்கொண்டு, பணிச் சான்றிதழை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டால், கடிதம் எழுதித் தரும் அந்த முதல் மாலைக்கு வந்து உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

பணிவுடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தொழிற்சங்கப் பிரதிநிதி