வட்டாவை நிறுத்து விற்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய பித்தளை, வெண்கலம் வாங்குகிறவர்கள் இப்போது எங்கள் கல்லடிப் பக்கம் அடிக்கடி வருகிறார்கள். போன கிழமை என் தங்கச்சி, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற சாக்கில், அம்மாவின் சோகேஸில் இருந்த வெற்றிலை எச்சில் துப்புகிற படிக்கத்தையும் வெற்றிலை வைத்துக் கொடுக்கிற வட்டாவையும் தராசில் நிறுத்துக் கொடுக்கப் பார்த்தாள். "தூசி படியத்தானே கிடக்கு, யார் பார்க்கப் போறாங்க?" என்றாள். அம்மா ஒன்றும் பேசாமல் வட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வட்டா அம்மம்மாவுடையது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், வீட்டுச் சாமானும் அப்படியே தாய்வழியாக இறங்கும். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த வீட்டிலும் அது தப்பியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் வந்தபோது அத்திவாரம் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் மணலுக்குள் விளிம்பு மட்டும் தெரிய, அப்பா தோண்டி எடுத்தார். அம்மம்மாவின் படம் ஒன்றுகூட இப்போது எங்களிடம் இல்லை, அவர் கை பட்டதென்று இருப்பது இது மட்டும்தான். ஒரு பக்கம் விளிம்பு நெளிந்திருக்கும், தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று ஒருவர் கேட்டும் அம்மா கொடுக்கவில்லை.

மாமி வீட்டுச் சோகேஸில் குவைத்திலிருந்து கொண்டுவந்த ஆறு கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன. ஒருநாளும் அதில் தேத்தண்ணி ஊற்றினதில்லை. நான்கு வருசம் யாரோ வீட்டில் கோப்பை கழுவினவர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கினது அந்த ஆறும்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எனக்குத் தெரிந்த, கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் வீட்டு நடு அறையில் மத்தளமும் சல்லாரித் தாளமும் தொங்கும், கூத்து இல்லாத மாதங்களிலும் எடுத்துத் துடைத்து வைப்பார்கள். சரி, பகட்டுக்கு அடுக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் எல்லாம் பகட்டு என்று சொல்கிறவர்கள் மாமியிடம் ஒருதரம் இருந்து கதைத்துப் பார்க்க வேண்டும்.

தங்கச்சியையும் நான் குறை சொல்லமாட்டேன். கடல் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது, வட்டாவின் கதையை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தராசில் வைக்கிறதுக்கு முதல், அது எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு ஒரு துண்டில் எழுதிவையுங்கள். அன்றிரவே தங்கச்சி அம்மம்மாவின் பெயரை எழுதி வட்டாவின் அடியில் ஒட்டிவிட்டாள். படிக்கத்துக்கு இன்னும் எழுதவில்லை. நாங்கள் முகாமிலிருந்து திரும்பியபோது சொந்தக்காரர் யாரோ தந்தது, யார் என்று அம்மாவுக்கே தெளிவில்லை. பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு