உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது: எவ்வளவு கேட்பது?

உமையா,

ஆப், வெப்சைட் திரைகளை வடிவமைக்கிற யூஎக்ஸ் வேலைக்கு வருஷம் 12 லட்சம் கேட்டால் அதிகமா என்று நேற்று போனில் கேட்டாய். அதற்கு முன்னால் வீட்டுக் கதை ஒன்று.

போன வாரம் அப்பத்தா வளவில் உட்கார்ந்து பென்ஷன் ஏறிவிட்டதா என்று வங்கி ஆப்பைத் திறந்தார்கள். வெள்ளையில் சாம்பல் எழுத்து, புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு என்ன தெரியும்? வெளிச்சத்துக்குப் போனைச் சாய்த்துப் பார்ப்பதற்குள் ஓடிபி நேரம் முடிந்துவிட்டது. சரி, வாசித்துக் காட்டட்டுமே என்று போன் திரையை வாசித்துச் சொல்கிற டாக்பேக்கைப் போட்டேன். தொட்ட இடமெல்லாம் "அன்லேபிள்ட் பட்டன், அன்லேபிள்ட் பட்டன்", அதாவது பெயர் வைக்காத பொத்தான். "யாருப்பா அது, பேரு வைக்காத பிள்ளையவே கூப்பிடுறான்?" என்றார்கள் அப்பத்தா.

எல்லாராலும் பயன்படுத்த முடிகிற மாதிரி திரையைச் செய்வது, அக்ஸசிபிலிட்டி, படிக்கிறேன் என்றாயே, இதுதானே அது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைந்தது 4.5:1 வேண்டும் என்று இதற்கான உலக விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜி சொல்கிறது, 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பில் தொடுகிற இடம் 24 பிக்சலாவது இருக்கட்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அந்த விதிகளை எழுதுகிற டபிள்யூ3சி அமைப்பின் அடிப்படைப் பாடம் எட்எக்ஸ் என்கிற படிப்புத் தளத்தில் இலவசம், சான்றிதழுக்குத்தான் காசு. அதற்கு அவசரமில்லை. கணினித் திரையை வாசித்துச் சொல்கிற என்விடிஏ-வும் இலவசம்தான், அதை இறக்கி, திரையை அணைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து ஆன்லைனில் ஒரு டிக்கெட் போட்டுப் பார். அப்புறம் அப்பத்தாவின் அந்தத் திரையைத் திருத்தி வரைந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில், வேலை கேட்கும்போது காட்டுகிற உன் போர்ட்ஃபோலியோவில் வை.

அதைக் காட்டிவிட்டு 12 கேள், கூசாதே. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் இந்த அக்ஸசிபிலிட்டி சட்டம், அங்கே சேவை விற்கிற கம்பெனிக்கு ஆள் வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில், வாடிக்கையாளர் அடையாளம் சரிபார்க்கிற கேஒய்சி பற்றிய வழக்கில், டிஜிட்டல் வசதியை எட்டுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேரும் என்று சொல்லிவிட்டது.

ஆனால் 12 லட்சம் சிடிசி, அதாவது கம்பெனி உனக்காக வருஷத்துக்குச் செய்கிற மொத்தச் செலவு, என்றால் மாதம் 1 லட்சம் கையில் வரும் என்று நினைத்துவிடாதே. கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வந்தால் உண்டு என்கிற வேரியபிள் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும், பிரித்து எழுதித் தரச் சொல். உன் பாட்டையா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, ரங்கூன் போனபோது, மூன்று வருஷத்துக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று சம்பளச் சீட்டு எழுதி வாங்கிய பிறகுதான் கப்பல் ஏறியிருக்கிறார். பெட்டகத்தில் இன்னும் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

பென்ஷன் வந்துவிட்டது. நான்தான் வெயிலில் நடந்துபோய்ப் பாஸ்புக்கில் பதிந்து வந்தேன்.

அப்பச்சி