மேடைக்கும் ஒரு உபயப் பலகை

தேடல் சந்தைப்படுத்தல் மாநாடுகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கோவையில் பதினோரு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு இணையதளம் எந்தச் சொல்லுக்குத் தேடலில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று தினமும் பார்த்துச் சொல்லும் கருவியைச் செய்து விற்கிறோம். அடுத்த மாநாட்டுக்கு ஸ்பான்சர் ஆகச் சொல்லி உங்களில் ஒருவர் அனுப்பிய படிவம் என் மேசைமேல் இரண்டு வாரமாகக் கிடக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் மேடைப் பேச்சை, அப்படிச் சொல்லியே காட்டுவீர்களா? அது அவரிடம் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை என்பதால் இந்தத் திறந்த மடல். தமிழில் எழுதுகிறேன், உங்கள் அரங்குகளிலும் ஒளிப்பதிவுகளிலும் சென்னை, கோவைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், முதலில் அவர்கள் படிக்கட்டும். மொழிபெயர்க்கும் கருவிகளுக்கு உங்களிடம் பஞ்சமில்லை.

முதலில் என் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் 'வெள்ளி' ஸ்பான்சராகச் சேர்ந்தோம். ஒரு ஸ்டால், பலகையில் எங்கள் சின்னம், நான்கு நுழைவுச்சீட்டு, கூடவே 25 நிமிட மேடை. எங்கள் அளவுக்கு அது பெரிய பணம். மேடையேறியது நான்தான். தலைப்பு ஆராய்ச்சி மாதிரி இருந்தது. உள்ளே இருந்த வரைபடம் ஒவ்வொன்றும் எங்கள் கருவியின் திரையிலிருந்து எடுத்தது. கடைசிப் படத்தில் தள்ளுபடிக் குறியீடு. நிகழ்ச்சி நிரலில் என் பெயர் மற்றவர்களின் பெயரோடு அதே எழுத்தில், அதே அளவில் இருந்தது. முடிந்ததும் ஓர் இளைஞர் வந்து கைகுலுக்கினார். இரண்டு வருடமாகப் பேச விண்ணப்பித்து இரண்டு முறையும் கிடைக்கவில்லையாம். "உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று கேட்டார். "தலைப்பு புதுசா இருந்தா எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டேன்.

அந்த மாநாட்டைக் குறை சொல்லவில்லை. பேக்கேஜை வாங்கியது நாங்கள். வாயை மூடிக்கொண்டதும் நான்.

ஆனால் இது நடந்தது எந்தத் தொழிலில் என்று யோசித்துப் பாருங்கள். 1998-இல் கோடூ டாட் காம் என்ற தேடுபொறி, பணம் கொடுத்தவரை மேலே காட்டும் முறையைக் கொண்டுவந்தபோது எல்லோரும் முகம் சுளித்தார்கள். அந்தக் கோடூவே ஒரு கிளிக்குக்கு விளம்பரதாரர் எத்தனை சென்ட் தருகிறார் என்பதை முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டுக் காட்டியது. யார் எவ்வளவு கொடுத்து அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுகிறவருக்குத் தெரியும். பிறகு பணம் வாங்கி முடிவு காட்டத் தொடங்கிய மற்ற தேடுபொறிகளில் பல இந்தப் பழக்கத்தைப் பின்பற்றவில்லை. பணம் வாங்கிய முடிவு எது, வாங்காதது எது என்றே தெரியாத நிலை வந்தது. 2001-இல் கமர்ஷியல் அலர்ட் என்ற நுகர்வோர் அமைப்பு, வணிக ஏமாற்றுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் புகார் கொடுத்தது. பணம் வாங்கிக் காட்டும் முடிவைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று 2002 ஜூனில் அந்தக் கமிஷன் தேடுபொறிகளுக்குக் கடிதம் எழுதியது. பிரித்துக்காட்டும் நிறம் மங்கிக்கொண்டே போகிறதே என்று 2013-இல் மறுபடியும் எழுதியது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் மேடைதான். கூகுள் தன் விளம்பர அடையாளத்தை எப்படியெல்லாம் மாற்றியது, வெளிர் நிறப் பின்புலம் போய் 2013-இல் 'விளம்பரம்' என்று எழுதிய மஞ்சள் சதுரம் வந்தது, 2016-இல் அது பச்சையானது, 2020 ஜனவரியில் கணினித் திரையில் சாதாரண முடிவுகளுக்கும் அந்தந்தத் தளத்தின் சின்னப் படம் வைத்து விளம்பரம் எது மற்றது எது என்று குழம்ப வைத்தது என்று படங்களை வரிசையாகப் போட்டு நாம் சிரித்திருக்கிறோம். நானும்தான் கைதட்டிச் சிரித்தேன். அந்த அரங்கின் நிகழ்ச்சி நிரலில் அடுத்த அமர்வு காசு கொடுத்து வாங்கியது. அதற்கு மஞ்சள் சதுரம் கூட இல்லை.

இணைப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. மற்ற தளங்கள் ஒரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பைப் பார்த்தும் கூகுள் அதன் இடத்தை முடிவு செய்கிறது. பணத்துக்கு இணைப்பு விற்றால் கூகுள் தண்டிக்கும் என்று பயமுறுத்தாத மாநாடு கிடையாது. இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி 2005-இல் வந்தது. 2019 செப்டம்பரில் காசு வாங்கிக் கொடுத்த இணைப்புக்கென்றே 'ஸ்பான்சர்ட்' என்ற குறியை கூகுள் தனியாகக் கொடுத்தது. சரி, உங்கள் ஸ்பான்சர் பக்கத்தைத் திறந்து மூலநிரலைப் பாருங்கள். எங்கள் சின்னத்துக்குப் பின்னால் அன்றைக்கு அந்தக் குறி இல்லை. பேக்கேஜ் விவரத்தில் 'தளத்திலிருந்து இணைப்பு' என்பதை ஒரு சலுகையாகவே போட்டிருந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி ஒரு இணைப்பை வாங்கியிருந்தால் எங்கள் கருவியே சிவப்புக் கொடி காட்டியிருக்கும்.

எங்கள் ஊரில் ஸ்பான்சருக்கு உபயதாரர் என்று பெயர். கோயில் டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், கடை என்று எழுதி, வெளிச்சம் வர இடமே இல்லாமல் செய்திருப்பார்கள். அதைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஆனால் அந்த விளக்கு யார் காசில் எரிகிறது என்று கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் தெரியும். உபயதாரருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள், மாலை போடுவார்கள், முதல் பிரசாதம் கொடுப்பார்கள். அவரையே கருவறைக்குள் அனுப்பி அர்ச்சனை செய்யச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் எங்களுக்குச் செய்வது அதுதான். விளக்கில் பெயர் எழுதுவதை விட்டுவிட்டு, மணியைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஸ்பான்சரே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மண்டப வாடகை, ஒலி ஒளி, சாப்பாடு எல்லாம் நுழைவுச்சீட்டுப் பணத்தில் மட்டும் நடக்காது என்று தெரியும். இங்கிலாந்தின் பிரைட்டன் எஸ்.இ.ஓ. என்ற தேடல் மாநாடு 2010-இல் ஒரு பப்பின் மாடி அறையில் சின்னக் கூட்டமாகத் தொடங்கியது. வளர்ந்த பிறகும் குலுக்கல் முறையில் இலவசச் சீட்டு கொடுக்க முடிந்தது என்றால் அதில் ஸ்பான்சர்களின் பணத்துக்குப் பங்கு உண்டு. காசில்லாத பிள்ளைகள் உள்ளே வந்து கற்றுக்கொண்டார்கள். அதைச் சாத்தியமாக்கிய நிறுவனத்தின் பெயரை வாசலில் பெரிதாகவே எழுதுங்கள், தவறில்லை.

இந்தத் தொழிலின் முதல் பெரிய மாநாடு 1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த 'சர்ச் எஞ்சின் ஸ்ட்ரேட்டஜீஸ்'. அதைத் தொடங்கிய டேனி சல்லிவன் பின்னால் 2007-இல் எஸ்.எம்.எக்ஸ். மாநாட்டைத் தொடங்கினார்; அப்புறம் 2017-இல் கூகுளிலேயே சேர்ந்தார். பழைய நாட்களில் சான் ஹோசேயில் மாநாடு நடக்கும்போது ஒரு மாலை எல்லோரையும் தன் வளாகத்துக்கு அழைத்து கூகுள் விருந்து வைக்கும். 'கூகுள் டான்ஸ்' என்று பெயர். அந்நாளில் மாதம் ஒருமுறை கூகுளின் தேடல் வரிசை குலுங்கி ஆடியதற்கு நாம் வைத்த பெயரையே அவர்கள் விருந்துக்கு வைத்தார்கள். யார் வீட்டுச் சாப்பாடு என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை.

இன்றைக்குக் குழப்பம் கூடியிருக்கிறது. 2024 அக்டோபரில் எஸ்.எம்.எக்ஸ். மாநாட்டையும் சர்ச் எஞ்சின் லேண்ட் இதழையும் நடத்தும் தேர்டு டோர் மீடியாவை செம்ரஷ் வாங்கியது. எங்களைப் போலவே கருவி விற்கிற நிறுவனம், எங்களைவிடப் பல மடங்கு பெரியது. 2025 நவம்பரில் அந்த செம்ரஷையே சுமார் 190 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அடோபி அறிவித்தது. இதில் தப்பு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. மாநாடு நடத்துகிறவரும் கடை போட்டிருக்கிறவரும் ஒரே வீட்டுக்காரர் ஆகும்போது, எந்தப் பேச்சு தேர்வாகி வந்தது, எது வாங்கப்பட்டது என்று எழுதி வைக்கும் தேவை முன்னைவிட அதிகம் என்றுதான் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால், ஒழுங்காகத் தேர்வாகி வந்த பேச்சாளரின் மேலும் அந்தச் சந்தேகம் விழும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. வாங்கிய அமர்வுக்கு நிகழ்ச்சி நிரலில் 'கட்டண அமர்வு' என்று தலைப்பின் எழுத்தளவிலேயே போடுங்கள். அடிக்குறிப்பில், சாம்பல் நிறத்தில் வேண்டாம். அந்தத் தந்திரம் நம் எல்லோருக்கும் தெரியும். பேச்சாளரை அறிமுகப்படுத்துகிறவர் அதை வாயால் சொல்லட்டும். ஒளிப்பதிவை வெளியிடும்போதும் அந்தச் சொல் கூடவே இருக்கட்டும், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்ப்பது அதைத்தான். ஸ்பான்சர் பக்கத்து இணைப்புகளில் 'ஸ்பான்சர்ட்' குறியைப் போடுங்கள், அதற்கு ஒரு நிமிடம் ஆகும். கோடூ மாதிரி விலையையும் அச்சிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம், ஆனால் அதுவரை நீங்கள் வருவீர்கள் என்று நம்பவில்லை.

அடையாளம் போட்டால் ஸ்பான்சர்கள் ஓடிவிடுவார்கள் என்பீர்கள். சிலர் ஓடலாம். நாங்கள் ஓட மாட்டோம். 'கட்டண அமர்வு' என்று பலகை மாட்டிய பிறகும் 25 நிமிடம் உட்கார்ந்து கேட்கிற முப்பது பேர், தெரியாமல் வந்து கடைசிப் படத்தில் தள்ளுபடிக் குறியீட்டைப் பார்த்து ஏமாந்து எழுந்து போன இருநூறு பேரைவிட எங்களுக்குப் பிரயோஜனம். போன முறை ஸ்டாலில் அடையாள அட்டையை ஸ்கேன் செய்து நூற்றுக்கணக்கான பெயர்களைச் சேர்த்தோம். அதிலிருந்து கிடைத்த வாடிக்கையாளர்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே என் பேச்சைக் கேட்காதவர்கள்.

படிவத்தின் ஏழாவது பத்தியில் 'பேச்சு வாய்ப்பு' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு 'கட்டண அமர்வு, அவ்வாறே குறிப்பிடப்படும்' என்று கையால் எழுதியிருக்கிறேன். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம் வந்தால் அன்றைக்கே பணம் அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வெள்ளி ஸ்பான்சர்